சிரித்துக்கொண்டு வந்த சிங்கமுகன்

"…எண்டால் நான் என்ன தம்பி செய்யிறது? நான் கோவமாத்தான் கீறினனான். உவன் சிரிக்கிறான்."

இது பரிமளக்கா சொன்னது. இதற்கு முன்னாலும் ஏதோ சொன்னார். அது மழை இரைச்சலில் போய்விட்டது. மிஞ்சிய வாலை மட்டும் இத்தனை வருடமாக வைத்திருக்கிறேன். ஆட்கள் சொல்கிற சொல்லுகளைப் பொறுக்கி வைப்பது என் பழக்கம். என் வயதுப் பொடியள் முத்திரை சேர்த்தார்கள், நெருப்புப்பெட்டிப் படம் சேர்த்தார்கள். நான் பிறர் வாயிலிருந்து விழுந்ததைச் சேர்த்தேன். செலவில்லை. இடம்பெயரும்போது தலையில் தூக்கவும் தேவையில்லை.

போன கிழமைப் புயலுக்குப் பிறகு சுன்னாகச் சந்தைப் பக்கம் போயிருந்தேன். நனைந்த வெங்காயத்தை வெளியே கொட்டி, வந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல மனைவி பக்கத்தில் இல்லாததால் ஒரு பை நிறைய வாங்கிவிட்டேன். வீட்டுக்குள் சாக்கை விரித்து, நல்லது வேறு பழுதானது வேறாகப் பிரித்து, உரித்த தோலை ஒரு வாளிக்குள் போட்டுவிட்டு மறந்துபோனேன். அடுத்த நாள் காலை பார்க்கிறேன், வாளித் தண்ணீர் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் நிற்கிறது. வீடு முழுக்க அந்த மணம். பச்சை வெங்காய மணமில்லை, பொரித்த வெங்காய மணமுமில்லை. அழுகப் போகிறேன், ஆனால் இன்னும் அழுகவில்லை என்று சொல்கிற ஒரு மணம். நான் அப்படியே குனிந்தபடி நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

"என்னப்பா, வாளிக்குள்ளை ஆரும் நிக்கினமோ?" என்றாள் மனைவி.

"சிங்கமுகன்" என்றேன்.

வேறு பெண்சாதி என்றால் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். இவள் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இல்லை, யானைமுகன்" என்றாள்.

ஏனென்றால் முந்திய ஒரு புயலுக்கு ஊரே ஒதுங்கிய மடத்தில் அவளும் இருந்தவள்தான். அப்போது எங்களுக்குள் ஒன்றும் இல்லை. பாண் துண்டு மெல்லிசு என்று என்னோடு சண்டை பிடித்த பிள்ளை, அவ்வளவுதான். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை என்பது வேறு கதை.

எந்தப் புயல் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எங்கள் ஆட்களுக்குப் புயலும் இடம்பெயர்வும் ஒன்றுக்குமேல் ஒன்று அடுக்கிக் கிடக்கின்றன. அடியில் இருப்பதை இழுத்தால் மேலே இருப்பதெல்லாம் சரிந்து விழும். நான் "கூரை போன புயல்" என்பேன். மனைவி "கிணறு பொங்கின புயல்" என்பாள். இரண்டும் ஒன்றுதானா என்று இரண்டு பேருக்கும் நிச்சயமில்லை. யுத்தத்தில் ஊரே வெளிக்கிட்ட பெரிய இடம்பெயர்வுக்கு முந்தியது என்பது மட்டும் உறுதி. ஏனென்றால் அப்போது எல்லாரும் ஊரில் இருந்தார்கள்.

எங்கள் ஊர் அளவெட்டிக்கு இந்தப் பக்கம், வழுக்கையாற்றின் பள்ளத்தில் இருக்கிறது. ஆறு என்று பெயர், வருடம் முழுக்க அதற்குள் மாடு மேயும். மழைக்காலத்தில் மட்டும் தான் ஒரு ஆறு என்று அதற்கு நினைவு வரும். அந்த வருடம் நினைவு கொஞ்சம் கூடிவிட்டது. பள்ளத்தில் இருந்த வீடுகளெல்லாம் தண்ணீருக்குள். மேட்டில் இருந்தது முருகன் கோயிலும், அதற்குப் பக்கத்து அன்னதான மடமும்தான். ஊரே வந்து மடத்தில் குந்திக்கொண்டது. நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் நிறுத்துக் கொடுக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாவும் சீனியும் பருப்பும் நனையாமல் மடத்துக்கு வந்தபோது, அவற்றோடு ஒரு சாமானாக நானும் வந்து சேர்ந்தேன்.

கந்தசஷ்டி விரதம் நடந்துகொண்டிருந்த நாட்கள். பெண்களில் பாதிப்பேர் பட்டினி. எங்கிருந்தோ நல்ல மனம் கொண்ட ஆட்கள் ஒரு லொறி நிறைய உணவு அனுப்பினார்கள். திறந்து பார்த்தால் முழுக்க மீன் பணிஸ், உள்ளே மீன் வைத்துச் சுட்ட பாண். கோயில் மடத்துக்கு, சஷ்டி நாளில், மீன் பணிஸ்! வாங்குவதா விடுவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஐயர் கண்ணை மூடிக்கொண்டு, "எனக்கு ஒண்டும் தெரியாது, நான் அங்காலை திரும்பி நிக்கிறன்" என்று சொல்லி மூலஸ்தானத்தைப் பார்த்தபடி நின்றார். பிள்ளைகள் மதிலுக்கு வெளியே முழங்கால் தண்ணீரில் நின்று தின்றார்கள். ஐயரும் நெடுநேரம் அங்காலேயே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய பக்தியை அன்றைக்குத்தான் நான் முழுதாகக் கண்டேன்.

அந்த மடத்தின் மணத்தைத்தான் சொல்ல வந்தேன். உடுத்திய ஈரச் சாரம், மண்ணெண்ணெய், திருநீறு, இவை எல்லாவற்றுக்கும் மேலே நனைந்த வெங்காயம். வெங்காயம் சின்னராசண்ணையுடையது. அவர் பரிமளக்காவின் புருசன், வெங்காயத் தோட்டக்காரன். தண்ணீர் வந்த அன்று ஆட்கள் உடுப்பு, நகை, சாமிப்படம் என்று தூக்கிக்கொண்டு ஓட, சின்னராசண்ணை கூரை வளையில் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த விதை வெங்காயத்தை அறுத்துச் சாக்கில் போட்டுத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். அடுத்த போகத்துக்கு நடவேண்டிய விதை. ஆனால் கூரை முதலே போய்விட்டதால் விதை வீட்டில் தொங்கும்போதே ஊறிவிட்டது. அவர் சுமந்து வந்தது பாதித் தண்ணீரை.

சாக்குகளை மடத்து மூலையில் வைத்தார். அவற்றுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்தார். அதற்குப் பிறகு எழும்பவேயில்லை. வெளிக்குப் போவதற்கு எழும்புவார், திரும்பி வந்து அதே சுவரைப் பார்த்துப் படுப்பார். சாக்கை அவிழ்க்கவும் விடமாட்டார், எறியவும் விடமாட்டார். ஒருமுறை மட்டும் சுவருக்குச் சொன்னார்: "காணியைக் குடுத்திட்டுக் கொழும்பிலை ஒரு கடையிலை நிக்கப்போறன். எனக்கினித் தோட்டம் வேண்டாம்."

இந்த மனிதருக்கு முன்பு ஒரு சொல் இருந்தது. என் சேமிப்பில் அதற்கு நல்ல இடம். என்ன கேட்டாலும் "தண்ணி வத்தட்டும்" என்பார். வெங்காயப் பாத்திக்கு நீர் கட்டினால் வற்றும்வரை காலை வைக்கக் கூடாதுதானே, அதிலிருந்து வந்த சொல்லாக இருக்கவேண்டும். அண்ணை, சாப்பிட வாருங்கோ என்றால் தண்ணி வத்தட்டும். கலியாண வீட்டுக்கு எப்போது வெளிக்கிடுவது என்றால் தண்ணி வத்தட்டும். தன்னுடைய சொந்தக் கலியாணப் பேச்சிலும் இப்படித்தான் சொன்னாராம், பெண் வீட்டார் குழம்பிப்போய் எழும்பிவிட்டார்களாம். பரிமளக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஊரே தண்ணீருக்குள் கிடந்த அந்த நாட்களில், அந்தச் சொல் ஒன்றுக்காவது பொருந்தியிருக்கும். ஆனால் அவர் சொல்லவில்லை. பரிமளக்கா தேத்தண்ணிப் பேணியை அவருக்குப் பின்னால் வைத்து, "ஆறுது" என்பார். பிறகு வந்து ஆறினதை எடுத்துப் போவார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்போம், பார்க்காத மாதிரி.

சூரன்போருக்கு முதல் நாள் காலை ஐயர் வந்து மடத்து வாசலில் நின்றார். புயலில் கோயில் வேம்பு முறிந்து வாகனசாலைக்கு மேல் விழுந்திருந்தது. அதைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் கோயிலில் சூரனுக்கு உடம்பு ஒன்று, தலைகள் வேறு வேறு. போர் நடக்க நடக்கத் தலையை மாற்றுவார்கள். யானைமுகன் தலை தப்பிவிட்டது. சூரனுடைய தலையும் தப்பிவிட்டது. சிங்கமுகன் தலை மூக்கோடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. (மனைவி யானை என்கிறாள். யானைக்குப் பல் தெரியச் சிரிக்க வாய் எங்கே என்று கேட்டேன். "தும்பிக்கையைத் தூக்கினால் தெரியும்" என்கிறாள். இவளோடு வழக்காட என்னால் முடியாது, ஆகவே சிங்கம் என்றே எழுதுகிறேன்.)

"இந்த முறை சூரன்போரை விட்டால் என்ன ஐயா?" என்று ஒருவர் கேட்டார்.

"சூரனைக் கொல்லாமல் விரதத்தை என்னெண்டு முடிக்கிறது? இவையள் எல்லாம் அடுத்த சஷ்டி வரைக்கும் பட்டினி கிடக்கிறதோ?"

விரதகாரப் பெண்கள் கேள்வி கேட்டவரைப் பார்த்த பார்வையில் அவர் சூரனாகிப் போனார்.

வழக்கமாக வர்ணம் தீட்டுகிறவர் வர வழியில்லை, தெரு தண்ணீருக்குள். யாராவது ஒரு தலை செய்ய முடியுமா என்று ஐயர் கேட்டார். ஆண்கள் எல்லாருக்கும் திடீரென்று மழையைப் பார்க்கவேண்டி வந்துவிட்டது. கோயில் காரியம், பிழைத்தால் குற்றம் வந்துவிடும் என்ற பயம். அப்போது பரிமளக்கா எழும்பி, "நான் கீறுறன்" என்றார்.

மழையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஏனென்றால் பரிமளக்காவின் சித்திரம் எப்படிப்பட்டது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த நாட்களில் பிள்ளைகளின் அழுகையை நிறுத்த அடுப்புக் கரியால் மடத்து நிலத்தில் கீறிக்கொண்டிருந்தவர் அவர்தான். பசு கீறினால் பிள்ளைகள் ஆடு என்பார்கள். மயில் கீறினால் முற்றம் கூட்டுகிற தும்புத்தடி என்பார்கள். அவர் கோபிக்கமாட்டார். "சரி, அப்ப ஆடுதான். பால் குறைச்சலாய்த் தரும்" என்று ஒத்துக்கொண்டு அடுத்ததைக் கீறுவார். அவருடைய கையிலிருந்து எதுவும் சொன்னபடி வந்ததில்லை.

"பிள்ளை, பிழைச்சுதெண்டால்?" என்றார் ஐயர்.

"பிழைச்சால் என்ன ஐயா? சூரன்தானே, சாமியில்லையே."

இப்படி ஒரு சமாதானத்தை எந்தச் சாத்திரத்தில் தேடுவது? ஐயர் தேடிப் பார்த்த முகத்தோடு போய்விட்டார்.

பெரிய பனையோலைக் கடகம் ஒன்றைக் கவிழ்த்தார்கள். அதுதான் மண்டை. என் சாமான் வந்த மட்டைப்பெட்டிகளை வெட்டிக் காதும் தாடையும் ஆக்கினார்கள். பழைய பேப்பரைக் கிழித்து ஒட்டுவதற்குப் பசை காய்ச்சக் கோதுமை மா கேட்டார்கள், கொடுத்தேன். "எங்களுக்கு ரொட்டிக்கு மா இல்லை, சிங்கமுகன் தின்னுறான்" என்று என் வருங்கால மனைவி அங்கிருந்து சத்தம் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளே வந்து பேப்பர் கிழித்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். பிடரிக்குத் தேங்காய்த் தும்பு பிரிக்கிறவர்கள், பசை கிண்டுகிறவர்கள், ஒன்றும் செய்யாமல் கருத்துச் சொல்கிறவர்கள். வீடு போன ஒரு பெரிய மனிதர், சிங்கத்துக்குக் காது எந்த இடத்தில் என்று இன்னொரு பெரிய மனிதரோடு கைகலப்புக்கே போனார். இரண்டு பேரும் சிங்கத்தைக் கண்டதில்லை.

மஞ்சள் என்னிடம் இருந்தது. கண்ணுக்குச் சலவை நீலம் இருந்தது. சிவப்பு இல்லை. ஐயரின் குங்குமம் கரைந்துபோயிற்று. வெறும் மஞ்சளைப் பூசிப் பார்த்தால் சிங்கமுகன் பழுத்த மாம்பழம் மாதிரி இருந்தான். பரிமளக்கா கொஞ்ச நேரம் நெற்றியைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு மூலைக்குப் போய், சுவரைப் பார்த்துக் கிடந்த மனிதருக்குப் பின்னால் குந்தி, சத்தமில்லாமல் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்தார்.

அவர் ஒவ்வொரு வெங்காயமாக எடுத்து வெளித்தோலை உரித்து மடிக்குள் போட்டார். உரித்த வெங்காயத்தைச் சுளகில் வைத்தார். மடி நிறைந்ததும் கொண்டுபோய்ச் சருவச்சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தார். தண்ணீர் முதலில் மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறமாகி, இறுகியது. மணம் எழும்பி மடம் முழுக்கப் பரவியது.

"என்ன மணக்குது?"

சுவரிலிருந்து சத்தம்.

"பரிமளம். என்ன மணக்குது எண்டு கேட்டனான்."

"சிங்கமுகன்."

"என்ன?"

"சிங்கமுகன் மணக்கிறான். நீங்கள் படுங்கோ."

சின்னராசண்ணை இந்தப் பக்கம் திரும்பினார். அத்தனை நாளில் அவருடைய முகத்தை அப்போதுதான் கண்டேன். ஒரு பக்கம் பாயின் வரி பதிந்து கிடந்தது. எழும்பி வந்து சட்டிக்குள் பார்த்தார்.

"என்ரை விதையையோ அவிக்கிறாய்?"

"தோலைத்தானே உரிச்சனான். உள்ளுடம்பு உந்தா சுளகிலை கிடக்கு. கண் இருந்தால் பாருங்கோவன்."

அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் அடிக்கிற ஆளில்லை, ஆனால் அன்றைக்கு யாருக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அவர் சுளகுக்கு முன்னால் குந்தினார். ஒரு வெங்காயத்தை எடுத்துப் பெருவிரலால் அமத்தினார். அது நசிந்து வழிந்தது. இன்னொன்றை எடுத்து அமத்தினார். அதுவும் நசிந்தது. மூன்றாவதை அமத்தி, மூக்கடியில் வைத்து மணந்து, பக்கத்தில் வைத்தார். பிறகு அடுத்தது. இப்படிச் சுளகு முழுவதையும் பிரித்தார். பிறகு சாக்கைத் தன்னுடைய கையாலேயே அவிழ்த்து மற்றவற்றையும் உரிக்கத் தொடங்கினார். தோல் சேரச் சேரப் பரிமளக்கா வந்து அள்ளிக்கொண்டு போவார். பக்கத்தில் வைத்த குவியல் சின்னதுதான். ஆனால் அவர் திரும்பிச் சுவரடிக்குப் போகவில்லை.

பின்னேரம் முகம் முடிந்தது. நுனி சப்பிய வேப்பங்குச்சியைக் கையில் வைத்தபடி பரிமளக்கா விலகி நிற்க, நாங்கள் எல்லாரும் சுற்றி வந்து பார்த்தோம். நல்ல செம்பட்டை நிறம், நீலக் கண், தும்புப் பிடரி. புருவத்தை நெரித்துத்தான் கீறியிருந்தார். பல்லை நறநறக்கிற மாதிரித்தான் வைத்திருந்தார். எல்லாம் சரி. ஆனால் சிங்கமுகன் சிரித்தான். உதட்டோரம் எங்கேயோ ஒரு கோடு மேலே போய்விட்டது, எந்தக் கோடு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. போதாக்குறைக்கு மேற்பல் வரிசையில் ஒரு பல் வைக்க இடம் காணாமல் விட்டிருந்தார்.

"ஐயோ, இது சின்னராசண்ணையெல்லே!" என்று ஒரு சின்னப் பெட்டை கத்திவிட்டாள்.

சின்னராசண்ணைக்கு அதே இடத்தில் அதே பல் இல்லை. மடம் வெடித்தது. நாள்கணக்கில் இருமலும் அழுகையும் மட்டும் கேட்ட மடம். பட்டினி கிடந்த பெண்கள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சின்னராசண்ணை தலைக்கு முன்னால் வந்து நின்று ஆற அமரப் பார்த்தார்.

"எனக்கு உப்பிடியோ காது?" என்றார்.

அப்போதுதான் பரிமளக்கா என் பக்கம் திரும்பி, நான் முதலில் எழுதிய அந்தச் சொல்லைச் சொன்னது. அதைச் சொல்லிவிட்டு அவர் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அது இருக்கட்டும், முதலில் சூரன்போரைச் சொல்லி முடிக்கிறேன்.

அடுத்த நாள் பின்னேரம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. கோயில் வீதியில் கணுக்கால் தண்ணீர். அளவெட்டியிலிருந்து தவில்காரர் யூரியா பையால் மூடிய தவிலைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்புத் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார். "மேளம் நனையேல்லை, நான்தான் நனைஞ்சிட்டன். அடிச்சால் நான் கத்துவன்" என்றார். எல்லாம் இருந்தது, முன்கொம்புக்கு மட்டும் ஆளில்லை. சூரனைக் காவுகிற கொம்புகளில் வலப்பக்க முன்கொம்பு எப்போதும் சின்னராசண்ணையின் தோளில். அவர் தோளை ஒரு குலுக்குக் குலுக்கினால் சூரன் திமிர்வான், முழங்காலை மடித்தால் சூரன் பாய்வான். அவர் இல்லாவிட்டால் அது மரம். ஐயரும் கேட்டுப் பார்த்தார். சின்னராசண்ணை வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்தபடி தலையை ஆட்டினார். ஓமென்று ஆட்டினாரா, இல்லையென்று ஆட்டினாரா, ஐயருக்கு விளங்கவில்லை.

வேறொருவர் கொம்பை ஏற்றார். யானைமுகன் வந்தான். சவம் கொண்டுபோகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினான். ஐயர் முருகனின் வேலாயுதத்தை விட்டார், யானைமுகன் தலையைக் கழற்றினார்கள். சனம் அரோகரா சொன்னது, கடமைக்கு. அடுத்ததாகச் சிங்கமுகன் தலையை ஏற்றினார்கள்.

கடகத்தின் பாரம் மரத்தலையின் பாரமில்லைத்தானே. கழுத்தில் நிற்காமல் ஒரு பக்கம் சரிந்து, "என்ன பாக்கிறியள்?" என்று கேட்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றது. எனக்குப் பின்னாலிருந்து யாரோ என்னைத் தள்ளிக்கொண்டு போனார். வேட்டியை மடித்துக் கட்டியபடி சின்னராசண்ணை.

"தள்ளடா. ஒரு சிங்கத்தைக் காவத் தெரியாது."

கொம்பு அவர் தோளுக்கு மாறியது. அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. சிங்கமுகன் ஒரு குலுக்குக் குலுக்கினான், தவில் ஏறியது, கொம்புக்காரர் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு ஓடினார்கள். முருகனை நோக்கிப் பாயவேண்டியவன் சனத்தை நோக்கிப் பாய்ந்தான். பெண்களை நனைத்தான், திரும்பி ஐயரை நனைத்தான். பிள்ளைகள் முருகன் பக்கம் நிற்கவேண்டியவர்கள், எல்லாரும் சிங்கமுகனுக்குப் பின்னால் ஓடுகிறார்கள். ஐயர் வேலைப் பிடித்தபடி, "சிரிச்சுக்கொண்டு நிக்கிறவனை என்னெண்டு கொல்லுறது?" என்று எங்களைக் கேட்டார். "கொல்லாதேங்கோ ஐயா!" என்று ஒரு பிள்ளை கத்தியது. "கொல்லுங்கோ ஐயா, பசிக்குது!" என்று ஒரு விரதகாரப் பெண் கத்தினார். நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. அரோகரா சொன்னது நினைவிருக்கிறது, யாருக்குச் சொன்னேன் என்று நினைவில்லை.

சுற்று முடியும்போது திரும்பவும் மழை. மஞ்சள் கரைந்தது. கண்ணிலிருந்த நீலம் கன்னத்தில் வழிந்தது. வெங்காயச் சாயம் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது. இடக்கன்னத்தில் இருந்த வட்டமான கறுப்பு ஒன்றும் அசையாமல் நின்றது. தலையைக் கழற்றக் கிட்டப் போன ஐயர், "உது என்ன கறுப்பு?" என்று கேட்டார்.

பிறகு சூரன் வந்தான். அவன் மாமரமாகிற கட்டத்துக்கு வழக்கமாக ஒரு மாங்கொப்புக் கட்டுவார்கள். அந்த வருடம் யாரும் சொல்லாமலே ஆளாளுக்குத் தங்கள் வளவில் புயல் முறித்த மரத்திலிருந்து ஒரு கொப்புக் கொண்டுவந்திருந்தார்கள். கறுத்தக்கொழும்பான், அம்பலவி, பேர் தெரியாதது எல்லாம். எதைக் கட்டுவது எதை விடுவது? எல்லாவற்றையும் கட்டினார்கள். சூரன் மரமாகவில்லை, தோப்பானான். அந்தத் தோப்பு மழைக்குள் ஆடி ஆடி வந்தது. "என்ரை மரம் வருது, என்ரை மரம் வருது" என்று ஒரு மனிதர் கையைத் தட்டினார். கூரைக்கு மேல் அந்த மரம் விழுந்து வீட்டை இழந்தவர் அவர். கையை ஏன் தட்டினார்? எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. உலர்ந்த துணி ஒன்று இல்லாத சனம், நாளைக்கு எங்கே போவது என்று தெரியாத சனம். அந்தச் சந்தோசம் எங்கேயிருந்து வந்தது, அது சரியா, பிழையா, அழவேண்டிய இடத்தில் மாறிச் சிரித்துவிட்டோமா? இதை எழுதுகிறபோதும் குழப்பம்தான். விளங்கினால் நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்து, சின்னராசண்ணை மடத்துப் படியில் இருந்து தோளைத் தடவிக்கொண்டிருந்தார். பரிமளக்கா தேத்தண்ணிப் பேணியை நீட்டினார். அவர் சூட்டோடு வாங்கினார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அண்ணை, அப்ப காணி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஒரு வாய் குடித்தார். வீதியைப் பார்த்தார்.

"தண்ணி வத்தட்டும்" என்றார்.

பரிமளக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மழைதான் நனைத்திருக்கும்.

அந்தச் சின்னக் குவியல் முளைத்ததா, விளைந்ததா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. தண்ணீர் வற்ற முதல் என்னை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அவர் பாத்தி கட்டினார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். பிறகு பெரிய இடம்பெயர்வு வந்தது. எல்லாரும் ஒரே தெருவால் போய், வேறு வேறு இடத்தில் இறங்கினோம். அவர்கள் இரண்டு பேரும் வன்னிப் பக்கம் போனார்கள் என்றார்கள். அங்கே மிளகாய்த் தோட்டத்தில் கண்டதாக ஒருவர் சொன்னார். அது வேறு சின்னராசா என்று இன்னொருவர் சொன்னார். கடகத் தலையைப் பற்றிக் கோயிலில் கேட்டேன். "எந்தத் தலை?" என்றார்கள். வேம்பு நின்ற இடத்தில் இப்போது சீமெந்து. மடத்துக்கு மாபிள் பதித்தாயிற்று, கரியால் கீறினால் பிடிக்காது. சிங்கமுகன் இப்போது பைபரில் செய்து வந்தவன். மீசை முறுக்கி, பல்லெல்லாம் வரிசையாக, நல்ல கோபமாக இருக்கிறான். எந்த மழைக்கும் ஒன்றும் நடக்காது. பிள்ளைகள் அவனைப் போனில் படம் எடுக்கிறார்கள், பின்னால் ஓடுவதில்லை.

யானையோ சிங்கமோ, ஒரு விசயத்தில் எனக்கும் மனைவிக்கும் வழக்கில்லை. அவள் தூணுக்குப் பின்னால் நின்று கண்டாளாம். நான் மா மூட்டைக்குப் பக்கத்தில் நின்று கண்டேன். இத்தனை வருடமாக ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறோம், போன கிழமை வாளிக்கு முன்னால் நிற்கும்வரை.

உவன் சிரிக்கிறான் என்று சொல்லிவிட்டுப் பரிமளக்கா கொஞ்ச நேரம் தலையைப் பார்த்தபடி நின்றார். மற்றவர்கள் சிரித்துக் களைத்துத் தங்கள் தங்கள் பாய்க்குப் போனார்கள். சின்னராசண்ணை திரும்பிப் போய் வெங்காயம் உரிக்கக் குந்தினார். யாராவது பார்க்கிறார்களா என்று பரிமளக்கா இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு சருவச்சட்டியின் அடியில் விரலை வைத்துக் கரியைத் தேய்த்து எடுத்து, அதில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து, நாளைக்குக் கொல்லப்படப் போகிறவனின் இடக்கன்னத்தில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தார். அவன் தலையை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றியோரத்தில் விரல்களை மடக்கி நெட்டி முறித்தார்.